உம்மாவின் மொழியும் மகளின் மொழியும்



"மௌலவிமாரும் சினிமாவைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்களா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நீங்கள் வாங்குவதில்லை. பிள்ளைகளின் கண்களுக்குள் போகும் படங்களை நாம் அப்படிப் பார்த்து எடுக்கிறோமா? திரையை வீட்டிலிருந்து அகற்றுவது இன்று பெரும்பாலானோருக்கு இயலாத காரியம். நல்லதைத் தெரிவு செய்து, பிள்ளைகளுடன் கூட இருந்து பார்ப்பது நம்மால் முடியும்.

பிரெஞ்சுப் படம் என்றாலே முகம் சுளிப்போர் உண்டு. அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. ஆயினும், இந்த நூற்றாண்டில் அங்கு வெளிவந்தவற்றுள் பெற்றோருக்குப் படிப்பினை தரும் மூன்று படங்களை இங்கே அறிமுகம் செய்கிறேன். திரையின் அடியில் ஆங்கில மொழிபெயர்ப்பு ஓடும் பிரதிகள் இவற்றுக்கு உண்டு.

முதலாவது, பிலிப் ஃபோக்கோன் இயக்கி 2015 இல் வெளிவந்த 'ஃபாத்திமா'. கணவரைப் பிரிந்து லியோன் நகரில் இரு பெண்பிள்ளைகளை வளர்க்கும் ஓர் உம்மாவின் கதை இது. பிறர் வீடுகளையும் அலுவலகங்களையும் துப்புரவு செய்து, மூத்த மகள் நெஸ்ரினை மருத்துவம் படிக்க வைக்கிறார். பதினைந்து வயதான இளையவள் சுஆத், தாயின் தொழிலையும் திக்கித் திக்கிப் பேசும் பிரெஞ்சு மொழியையும் எண்ணி வெட்கப்படுகிறாள். தாய் அரபியில் பேச, மகள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். ஒரு நாள் மாடிப்படியில் விழுந்து காயமடைந்த தாய், ஓய்வில் இருக்கும்போது, மகள்மாரிடம் வாயால் சொல்ல முடியாமற் போனதையெல்லாம் அரபியில் எழுதத் தொடங்குகிறார். மகள்மாருக்கு விளங்காத அந்தக் கொப்பியில்தான் அவருடைய முழு மனமும் இருக்கிறது.

மொரோக்கோவிலிருந்து பிரான்சுக்குச் சென்று துப்புரவுப் பணி செய்து வாழ்ந்த ஃபாத்திமா அல்அய்யூபி என்ற பெண்மணியின் எழுத்துக்களைத் தழுவியே இப்படம் எடுக்கப்பட்டது. தாயாக நடித்த சொரியா செருவாலும் நடிகையாக இருந்தவரல்ல. அவரும் துப்புரவுத் தொழிலாளிதான். 2016 இல் பிரான்சின் உயர் திரைப்பட விருதான 'செஸார்', சிறந்த படத்துக்காக இதற்குக் கிடைத்தது.

நம் வீடுகளில் மட்டும் இது இல்லையா? உம்மா தமிழில் கேட்கிறார். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கும் பிள்ளை பாதிச் சொல்லில் பதிலளித்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறது.

இரண்டாவது, இஸ்மாயீல் ஃபெரூக்கி இயக்கிய 'லெ கிராண்ட் வொயாஜ்'. 'பெரும் பயணம்' என்பது பொருள். 2004 இல் வெளிவந்தது. தென் பிரான்சில் வாழும் முதிய மொரோக்கோ வாப்பா ஒருவர், பரீட்சைக்குத் தயாராகும் மகன் ரெதாவைச் சாரதியாக அழைத்துக்கொண்டு, பழைய காரிலேயே ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார். இத்தாலி, பல்கேரியா, துருக்கி, சிரியா, ஜோர்தான் எனப் பாதை நீள்கிறது. இங்கும் வாப்பா அரபியில் பேச, மகன் பிரெஞ்சில் பேசுகிறான். மகன் உறங்கும்போது அவனது கைத்தொலைபேசியை வாப்பா குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார். விமானத்தில் போயிருக்கலாமே என்று மகன் கேட்க, கடல்நீர் மேகமாக மேலெழும்போதுதான் அதன் கசப்பு நீங்குகிறது, நீண்ட பயணமும் அப்படித்தான் என்று விளக்குகிறார்.

வழியில் ஏழைப் பெண்ணொருத்திக்கு வாப்பா கொடுத்த பணத்தை மகன் பறிக்கிறான், அறையும் வாங்குகிறான். மக்காவில் வாப்பா வஃபாத்தான பின், தனியே திரும்பும் அதே மகன், யாசகம் கேட்ட பெண்ணுக்குத் தானே கொடுத்துவிட்டுப் போகிறான். வாப்பாவின் மொழி அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஹஜ் காட்சிகள் மக்காவிலேயே எடுக்கப்பட்டவை. மகன் மது அருந்துவது போன்ற சில காட்சிகள் இதில் உண்டு. ஆகவே, முதலில் நீங்கள் பார்த்துவிட்டுப் பின்னர் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மூன்றாவதைச் சிறுவர்களுடனும் பார்க்கலாம். 2002 இல் நிக்கோலா ஃபிலிபேர் எடுத்த 'எத்ர் ஏ அவுவார்' என்ற ஆவணப்படம் அது. ஓவேர்ன் மலைப் பகுதியில் ஒரு சிறு கிராமம், ஒரே வகுப்பறை, அதில் பாலர் முதல் பத்துப் பதினொரு வயது வரையான பிள்ளைகள், அனைவருக்கும் ஒரே ஆசிரியர், ஜோர்ஜ் லோபெஸ். ஸ்பெயினிலிருந்து குடியேறிய கூலித் தொழிலாளியின் மகன் அவர். சண்டையிட்ட இரு மாணவர்களை முன்னால் இருத்தி, அதட்டாமல் கேள்வி கேட்டு, அவர்கள் பதில் தேடும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார். தந்தையின் நோயை நினைத்து அழும் சிறுவனின் அருகில் அமைதியாக அமர்ந்திருக்கிறார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கே இப்படம் பாடமாக அமைந்தது. பிள்ளை பேசி முடிக்குமுன் நானே எத்தனை தடவை குறுக்கிட்டிருக்கிறேன்!

சகோதரிகளே! 'ஃபாத்திமா'வின் இறுதியில், பரீட்சைப் பெறுபேறுகள் ஒட்டப்பட்ட பலகையின் முன் அந்தத் தாய் தனியாகப் போய் நிற்கிறார். மகளின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். அந்தக் காட்சி முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் மகளிடம், "நான் சொல்வதில் உனக்கு விளங்காதது எது மகள்?" என்று கேளுங்கள். கேட்டபின், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். அவளது பதில் உங்கள் மனதை நோகச் செய்யலாம். ஆனாலும், அவள் உங்களிடம்தான் பேசுகிறாள். அது ஒரு பெரும் பாக்கியம்.