பேகம்பேட்டையில் அறுக்கப்பட்ட கொசு

"கொசுவில் என்ன சார் வேற்றுமை, எல்லாம் ஒன்றுதானே?" என்று இராஜபாளையத்து மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார். அந்த வேற்றுமை தெரியாததால் ஓர் ஆராய்ச்சியாளர் இரண்டு ஆண்டுகள் வீணாக அலைந்தார். அவர் பாடுபட்ட இடம் ஓர் இராணுவ மருத்துவமனை.

மலேரியாக் கிருமியை முதலில் கண்டதும் இராணுவ மருத்துவமனையில்தான். 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், பிரெஞ்சுப் படை மருத்துவர் லாவெரான், நோயாளியின் இரத்தத்தில் அது உயிரோடு அசைவதைப் பார்த்தார். இது தற்செயலன்று. அக்காலப் படைகளில் குண்டுக்குப் பலியானோரைவிடக் காய்ச்சலுக்குப் பலியானோரே மிகுதி. மேலும், ஒரே நோயுற்ற பலரை ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் கவனிக்கும் வசதி வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் கிருமி உடலுக்குள் எப்படிப் புகுகிறது? சென்னை மாகாண மருத்துவப் பணியைச் சேர்ந்த ரொனால்டு ராஸ், கொசுவைச் சந்தேகித்தார். 1895 முதல் செகந்திராபாத்தில் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. நுண்ணோக்கியில் குறையில்லை. நல்ல கருவி கால் மைக்ரான் இடைவெளியைக்கூடப் பிரித்துக் காட்டும். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அவர் அறுத்த கொசுக்கள்தாம் தவறான இனம்!

1897 ஆகஸ்டில் இறகில் புள்ளியுள்ள கொசுக்கள் சில கிடைத்தன. பேகம்பேட்டை மருத்துவமனையில் இருந்த உசேன் கான் என்ற நோயாளியை அவை கடித்தன. கடிக்கு ஓரணா கூலி. விசிறி போட்டால் கொசு பறந்துவிடும் என்பதால் புழுக்கத்திலேயே வேலை. நெற்றி வியர்வை சொட்டி நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. 20ஆம் தேதி, கொசுவின் வயிற்றுச் சுவரில் சுமார் 12 மைக்ரான் அளவுள்ள உருண்டைச் செல்கள் தெரிந்தன. அவற்றுள் கரும்பொடி. இரத்தச் சிவப்புப் பொருளைத் தின்ற மலேரியாக் கிருமி விட்டுவைக்கும் அதே கரும்பொடி! மறுநாள் அறுத்த கொசுவில் அச்செல்கள் பெரிதாகியிருந்தன. ஒரு பௌதிக ஆசிரியனுக்கு இந்த இரண்டாவது அளவீடே பெரிது. அழுக்காக இருந்தால் வளருமா?

சில வாரங்களில் அவரை மலேரியா அரிதான கெர்வாராவுக்கு மாற்றினார்கள். அரசுப் பணியில் இருப்போருக்கு இது புதிதன்று. 1898இல் கல்கத்தாவில், பறவை மலேரியாவைக் கொண்டு கிருமியின் முழுச் சுற்றையும் கண்டார். 1902இல் நோபல் பரிசு வந்தது. பேகம்பேட்டைக் கட்டடம் இன்று அவர் பெயரில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம்.

மாணவரின் கேள்விக்கு விடை சொல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து கூத்தாடிப் புழுக்களைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வரச் சொன்னேன். சில புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. மூன்று மட்டும் நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்திருந்தன. அவை அனாபிலிஸ், மலேரியாக் கொசு இனம். அன்று மாலையே அவ்வீட்டார் கிணற்றுக்கு வலை கட்டினார்கள்.