கேம்பிரிட்ஜ் கல்லூரிப் படகோட்டம்

கேம்பிரிட்ஜ் கல்லூரிப் படகோட்டம் என்பது இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் படகுக் கழகங்கள் கேம் ஆற்றில் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் துடுப்புப் படகுப் பயிற்சியையும் போட்டிகளையும் குறிக்கும். இப்பல்கலைக்கழகத்தில் 31 கல்லூரிகள் உள்ளன. பெரும்பாலான கல்லூரிகள் தமக்கெனப் படகுக் கழகம் ஒன்றைக் கொண்டுள்ளன. கழகங்களை மாணவர்களே நிருவகிக்கின்றனர். தலைவரும் பிற பொறுப்பாளர்களும் மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

தேம்சு ஆற்றில் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் படகுப் போட்டி உலகப் புகழ் பெற்றது. அதில் பங்கேற்போர் மிகச் சிலரே. பெரும்பாலான மாணவர்களின் படகோட்டம் கல்லூரி அளவிலேயே நிகழ்கிறது. அதன் மையமாக விளங்குவது 'பம்ப்ஸ்' எனப்படும் முட்டுப் பந்தயமாகும். இப்பந்தயத்தில் ஒரு குழு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அக்குழு தீர்மானிப்பதில்லை. அதற்கு முந்தைய ஆண்டின் குழு விட்டுச்சென்ற இடமே அதன் தொடக்க இடமாகும்.

ஆற்றின் இயல்பு

கேம் ஆறு குறுகலானது. பல வளைவுகளைக் கொண்டது. கல்லூரிகளின் படகு வீடுகள் பெரும்பாலும் மிட்சம்மர் காமன் என்னும் புல்வெளிக்கு எதிர்க்கரையில் அமைந்துள்ளன. மேற்புறத்தில் ஜீசஸ் மதகும் கீழ்ப்புறத்தில் பெயிட்சுபைட் மதகும் ஆற்றைத் தடுக்கின்றன. இவற்றுக்கிடையே உள்ள சுமார் 5 கிலோமீட்டர் நீர்வழியையே எல்லாக் கழகங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

எண்மர் படகுகள் பல, ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் நின்று போட்டியிடுவதற்கு இங்கு இடமில்லை. எனவே படகுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, பின்னால் உள்ளது முன்னால் உள்ளதைத் துரத்திப் பிடிக்கும் முறை தோன்றியது. ஆற்றின் குறையே போட்டியின் விதியாயிற்று எனலாம்.

வரலாறு

முட்டுப் பந்தயம் முதலில் ஆக்சுபோர்டில் தோன்றியது. அங்கு 1815 ஆம் ஆண்டில் பிரேசுநோசு, ஜீசஸ் ஆகிய கல்லூரிகள் போட்டியிட்டன. ஆற்றில் உலா சென்று திரும்பும் படகுகள் இஃப்லி மதகிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறும்போது ஒன்றையொன்று துரத்திய வழக்கமே பந்தயமாக வளர்ந்தது என்று கூறப்படுகிறது.

கேம்பிரிட்ஜில் புனித ஜான் கல்லூரி மாணவர்கள் 1825 ஆம் ஆண்டில் லேடி மார்கரெட் படகுக் கழகத்தை நிறுவினர். கேம் ஆற்றில் முட்டுப் பந்தயங்கள் 1827 ஆம் ஆண்டில் தொடங்கின. 1829 இல் இரு பல்கலைக்கழகங்களும் முதன்முறையாக ஹென்லியில் மோதின. 1887 முதல் கேம்பிரிட்ஜின் முட்டுப் பந்தயங்கள் லென்ட் பந்தயம், மே பந்தயம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டன.

கல்லூரிகள் நெடுங்காலம் ஆண்களுக்கு உரியனவாகவோ பெண்களுக்கு உரியனவாகவோ தனித்தனியே இயங்கின. 1972 ஆம் ஆண்டில் சர்ச்சில், கிளேர், கிங்ஸ் ஆகிய ஆண்கள் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்கத் தொடங்கின. 1974 இல் மே பந்தயத்தில் பெண்களுக்கான பிரிவு ஏற்படுத்தப்பட்டது. அதில் முதலில் நால்வர் படகுகளே பயன்பட்டன. 1990 முதல் பெண்களும் எண்மர் படகுகளில் போட்டியிடுகின்றனர்.

படகும் குழுவும்

எண்மர் படகு ஏறத்தாழ 17 முதல் 18 மீட்டர் வரை நீளமுடையது. பன்னாட்டு விதிகளின்படி அதன் எடை 96 கிலோகிராமுக்குக் குறையக்கூடாது. எட்டுத் துடுப்பாளர்களும் படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரே ஒரு துடுப்பை இரு கைகளாலும் வலிக்கின்றனர். அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, ஒட்டி அமர்பவர் முதலாம் எண்ணினர். பின்முனைக்கு அருகில் அமரும் எட்டாம் எண்ணினர் 'ஸ்ட்ரோக்' எனப்படுவார்; அவரது வேகத்தையே மற்றவர் பின்பற்றுகின்றனர்.

ஒன்பதாவது உறுப்பினர் 'காக்ஸ்' எனப்படும் சுக்கானாளர். ஆற்றின் முன்புறத்தைப் பார்த்து அமர்ந்திருப்பவர் இவர் ஒருவரே. படகைத் திருப்புவதும், கட்டளை இடுவதும், குழுவின் பாதுகாப்பைக் காப்பதும் இவரது கடமைகளாகும்.

துடுப்பாளரின் இருக்கை சிறு சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் நகரும். இத்தகைய இருக்கை 1873 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகப் போட்டியில் பயன்படுத்தப்பட்டது. வலிக்கும்போது முதலில் கால்கள் உதைக்க, அடுத்து முதுகு சாய, இறுதியில் கைகள் இழுக்கின்றன. திரும்பும்போது இவ்வரிசை தலைகீழாகிறது: முதலில் கைகள், பின்னர் உடல், இறுதியாகக் கால்கள். கால்களின் வலிமையைப் பயன்படுத்தும் இயல்பான அசைவை வலியுறுத்தியவருள் முதன்மையானவர் ஆத்திரேலியாவில் பிறந்த ஸ்டீவ் ஃபேர்பேர்ன். இவர் ஜீசஸ் கல்லூரியின் பயிற்றுநர். தேம்சு ஆற்றில் 1926 ஆம் ஆண்டில் 'ஹெட் ஆஃப் த ரிவர்' போட்டியைத் தொடங்கியவரும் இவரே.

எட்டுப் பேரின் உடல் எடை படகின் எடையைப்போலப் பல மடங்காகும். அவ்வெடை இருக்கைகளோடு அவசரமாக நகர்ந்து சட்டென்று நின்றால் படகின் ஓட்டம் தடைபடும். எனவே வேகமாக வலிப்பதைப்போலவே மெதுவாகத் திரும்புவதும் பயிற்சியின் பெரும் பகுதியாகும். ஒருவர் எவ்வளவு வலிமையுடையவராயினும் மற்ற எழுவருடன் இசையாவிட்டால் அவ்வலிமை படகைச் சாய்க்கவே பயன்படும்.

மூன்று பருவங்கள்

கேம்பிரிட்ஜின் கல்வியாண்டு மிக்கல்மஸ், லென்ட், ஈஸ்டர் என மூன்று பருவங்களைக் கொண்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டு வாரங்களே நீடிக்கும்.

மிக்கல்மஸ் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. துடுப்பைத் தொட்டறியாத புதிய மாணவர்கள் பலர் இப்பருவத்திலேயே கழகத்தில் சேர்கின்றனர். உள்ளரங்கில் உள்ள துடுப்பு இயந்திரத்திலும், எளிதில் கவிழாத அகன்ற பயிற்சிப் படகிலும் அடிப்படை அசைவுகள் கற்பிக்கப்படுகின்றன. அதன் பின்னரே எண்மர் படகு அவர்களிடம் ஒப்படைக்கப்படும். தொடக்கத்தில் நால்வர் வலிக்க, மற்ற நால்வர் துடுப்புகளை நீரின்மேல் தட்டையாக வைத்துப் படகைச் சாயாமல் காப்பர். டிசம்பர்த் தொடக்கத்தில் ஜீசஸ் கல்லூரிக் கழகம் நடத்தும் ஃபேர்பேர்ன் கோப்பைப் போட்டியுடன் இப்பருவம் நிறைவுறும். இதில் படகுகள் ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. நேரத்தைக் கொண்டு வெற்றி முடிவு செய்யப்படுகிறது.

லென்ட் பருவம் சனவரியில் தொடங்குகிறது. விரிவுரைகளுக்கு முன்னர்ப் பயிற்சியை முடிக்க வேண்டியிருப்பதால் குழுக்கள் குளிர்காலத்தின் விடியற்பொழுதிலேயே ஆற்றில் இறங்குகின்றன. நீரோட்டம், பனிமூட்டம், பனிக்கட்டி முதலியவற்றைப் பொறுத்து ஆற்றின் நிலை கொடிகளால் அறிவிக்கப்படும். பச்சைக் கொடி இருந்தால் தடையில்லை. சிவப்புக் கொடி இருந்தால் கல்லூரிப் படகுகள் செல்லலாகாது. பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சுத் தொடக்கத்திலோ லென்ட் பந்தயம் நடைபெறும்.

ஈஸ்டர் பருவம் தேர்வுக் காலமாகும். மாணவர்கள் படிப்புக்கும் பயிற்சிக்கும் இடையே நேரத்தைப் பங்கிட வேண்டியுள்ளது. முற்காலத்தில் மே மாதத்தில் நடைபெற்ற மே பந்தயம் இப்பொழுது சூன் மாதத்தில், தேர்வுகள் பெரும்பாலும் முடிந்த பின்னர், புதன் முதல் சனி வரை நான்கு நாட்கள் நடைபெறுகிறது. பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

முட்டுப் பந்தயம் நடைபெறும் முறை

படகுகள் பிரிவுகளாக வகுக்கப்படுகின்றன. பொதுவாக ஒரு பிரிவில் 17 படகுகள் இருக்கும். அவை பெயிட்சுபைட் மதகை அடுத்த பகுதியில், கரையோரமாக ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் நிறுத்தப்படுகின்றன. சுக்கானாளர் கரையில் பிணைக்கப்பட்ட சங்கிலி ஒன்றின் நுனியைப் பிடித்திருப்பார். தொடக்கத்திற்கு நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு பீரங்கியும் ஒரு நிமிடம் இருக்கும்போது மற்றொன்றும் வெடிக்கப்படும். மூன்றாவது வெடியுடன் சங்கிலிகள் விடப்பட, எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன.

பின்னால் வரும் படகோ அதன் துடுப்போ முன்னால் உள்ள படகைத் தொட்டால் முட்டு நிகழ்ந்ததாகும். முன்படகின் சுக்கானாளர் கையை உயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொள்வதும் உண்டு. உடனே இரு படகுகளும் ஓரமாக ஒதுங்கிப் பின்வருவோருக்கு வழிவிட வேண்டும். மறுநாள் அவ்விரண்டும் இடம் மாறித் தொடங்கும். முட்டாமலும் முட்டப்படாமலும் எல்லைவரை செல்லும் படகு தன் இடத்திலேயே நிற்கும்.

ஒரு படகுக்கு முன்னால் உள்ள இரண்டும் தமக்குள் முட்டி ஒதுங்கிவிட்டால், அது அவற்றுக்கும் முன்னால் உள்ள படகைத் துரத்தலாம். அதைப் பிடித்துவிட்டால் ஒரே நாளில் மூன்று இடங்கள் உயரும். கீழ்ப்பிரிவின் முதற்படகு அதே நாளில் மேற்பிரிவின் கடைசிப் படகாகவும் போட்டியிடும். இது 'சாண்ட்விச்' படகு எனப்படுகிறது.

கரையில் மிதிவண்டியில் உடன்வரும் பயிற்றுநர்கள் சீழ்க்கையால் இடைவெளியை அறிவிக்கின்றனர். ஒரு படகு நீளம் இருந்தால் ஒரு சீழ்க்கை. அரை நீளத்திற்கு இரண்டு. கால் நீளத்திற்கு மூன்று. முதுகு காட்டி அமர்ந்துள்ள துடுப்பாளர்கள் தாம் துரத்தும் படகைக் காண இயலாது. அது நெருங்கிவிட்டதை இவ்வொலியாலேயே அறிகின்றனர். ஆனால் தம்மைத் துரத்தி வரும் படகு அவர்களுடைய கண்ணெதிரிலேயே இருக்கும்.

தொடக்க இடைவெளி சுமார் 27 மீட்டர் ஆகும். பின்படகு நொடிக்கு 30 சென்டிமீட்டர் மட்டும் கூடுதலாகச் சென்றால் அதனைக் கடக்க ஒன்றரை நிமிடம் போதும். ஆகையால் பல முட்டுகள் கிராசி முனை, டிட்டன் முனை முதலிய வளைவுகளிலோ அவற்றுக்கு முன்னரோ நிகழ்ந்துவிடுகின்றன. வளைவில் சுக்கானாளர் செய்யும் சிறு பிழையும் படகின் வேகத்தைக் குறைத்துவிடும்.

வரிசையும் மரபுரிமையும்

ஒரு நாளின் இறுதி வரிசை மறுநாளின் தொடக்க வரிசையாகும். கடைசி நாளின் வரிசை அடுத்த ஆண்டின் தொடக்க வரிசையாகும். முதலிடம் பெறும் கல்லூரி 'ஆற்றின் தலை' என்ற சிறப்பைப் பெறுகிறது.

நாளொன்றுக்கு ஒரு முட்டு வீதம் நான்கு நாட்களும் வென்றால் ஒரு படகு நான்கு இடங்கள் உயரும். ஐம்பதாவது இடத்தில் உள்ள படகு இவ்வாறு ஆண்டுதோறும் தவறாது வென்றாலும் முதலிடத்தை அடையப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். இளநிலை மாணவர் ஒருவர் பொதுவாக மூன்று ஆண்டுகளே கல்லூரியில் இருப்பார். எனவே கீழ்நிலையில் உள்ள கல்லூரியின் சிறந்த குழு ஒன்று, அந்த ஆற்றிலேயே விரைவானதாக இருந்தாலும், தன் காலத்தில் முதலிடத்தைக் காண இயலாது. அது செய்யக்கூடியது, பின்வருவோருக்கு நான்கு இடங்களை ஈட்டித் தருவதே. அதுபோல் வலுவற்ற குழு ஒன்று இழக்கும் இடங்களை மீட்கும் சுமை அடுத்து வருவோர்மீது விழுகிறது.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் பந்தயங்கள் நடைபெறவில்லை. கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2020 ஆம் ஆண்டின் மே பந்தயம் கைவிடப்பட்டது. மே பந்தயங்கள் மீண்டும் தொடங்கியபோது 2019 ஆம் ஆண்டின் இறுதி வரிசையே தொடக்க வரிசையாயிற்று. அவ்விடங்களை ஈட்டிய மாணவர்களுள் பலர் அதற்குள் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டனர்.

வெற்றிச் சின்னங்களும் மரக்கரண்டியும்

முட்டிய குழுவினர் கரையோர மரக்கிளைகளையும் இலைகளையும் பறித்து அணிந்துகொண்டு படகு வீட்டிற்குத் திரும்புவது வழக்கம். நான்கு நாட்களும் முட்டிய குழுவினர் தம் பெயர்கள் பொறிக்கப்பட்ட துடுப்பை வைத்துக்கொள்ளும் உரிமை பெறுகின்றனர். இது 'பிளேட்ஸ்' வெல்லுதல் எனப்படும். நான்கு நாட்களும் முட்டப்பட்ட குழு 'கரண்டி' பெற்றதாகக் கூறப்படும்.

மரக்கரண்டி என்னும் வழக்கு கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்விலிருந்து வந்தது. அத்தேர்வில் சிறப்புப் பட்டம் பெறுவோருள் கடைசி மாணவருக்கு நகைச்சுவையாக மரக்கரண்டி வழங்கப்பட்டுவந்தது. 1909 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட கடைசிக் கரண்டியைப் பெற்றவர் லேடி மார்கரெட் கழகத்தின் துடுப்பாளர். ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுடைய அக்கரண்டி, படகுத் துடுப்பின் அலகைக் கொண்டு செய்யப்பட்டிருந்தது.

பாதுகாப்பு

வேண்டுமென்றே மோதுவதை விதியாகக் கொண்ட இப்பந்தயம் இடருடையது. 1888 ஆம் ஆண்டு லென்ட் பந்தயத்தில் டிரினிட்டி ஹால் கல்லூரிப் படகின் கூரிய முனை, கிளேர் கல்லூரிப் படகில் இருந்த துடுப்பாளர் ஒருவரின் மார்பில் பாய்ந்ததால் அவர் உயிரிழந்தார். இதனைத் தொடர்ந்து படகுகளின் அணியத்தில் சிறு பந்து ஒன்றைப் பொருத்தும் வழக்கம் ஏற்பட்டது. இன்று உலகெங்கும் பந்தயப் படகுகளின் முனையில் காணப்படும் இரப்பர்ப் பந்து இவ்விபத்தின் நினைவாகவும் நிற்கிறது.

பிற இடங்களில்

ஆக்சுபோர்டில் முட்டுப் பந்தயங்கள் ஆண்டுக்கு இருமுறை, டார்பிட்ஸ், சம்மர் எய்ட்ஸ் என்னும் பெயர்களில், தேம்சு ஆற்றின் ஐசிசு எனப்படும் பகுதியில் நடைபெறுகின்றன. விதிகளில் சில வேறுபாடுகள் இருப்பினும், முந்தைய ஆண்டின் வரிசையிலிருந்தே தொடங்கும் அடிப்படை அங்கும் ஒன்றேயாகும்.