இன்ஜின் மாற்றிய பழைய டிராக்டரா? மீட்டர் முள்ளை நம்புவதற்கு முன்...

நாற்று தயாராக நிற்கிறது, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. சேற்று உழவுக்குக் கேஜ் வீல் மாட்டி இறக்கிய மூன்றாம் நாள் டிராக்டர் நின்றுபோனது. எங்கள் குடும்பத்து வண்டிக்கு நடந்த கதை இது. பழைய மூன்று சிலிண்டர் இன்ஜின் பிளாக்கில் விரிசல் விட்டதால், வேறொரு பழைய இன்ஜினை வாங்கி மாட்டியிருந்தோம். ஓட்டம் அருமை, புகை இல்லை, இழுவை நன்றாக இருந்தது. வெப்பமானி முள்ளும் மூன்று நாளும் பச்சைக் கோட்டின் அடியிலேயே அசையாமல் இருந்தது. 'வண்டி சூடே ஆகவில்லை' என்று அண்ணனுக்குச் சந்தோஷம். கடைசியில் ஹெட் கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்து, வண்டி வரப்போரம் நின்றது. பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வெப்பத்தை அறியும் சென்சார் தண்ணீரைத் தொடாத ஒரு துளையில் மாட்டப்பட்டிருந்தது. அந்தத் துளை சும்மா ஒரு போல்ட் துளை. வண்டி சரியாகி வருவதற்குள் நாற்றின் வயது 40 நாளைத் தாண்டிவிட்டது. முதிர்ந்த நாற்றை நட்டால் தூர் எப்படிக் கட்டும் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பயிர் ஆராய்ச்சி செய்பவன், மெக்கானிக் அல்ல. ஆனால் அதன் பிறகு இதைக் கொஞ்சம் பிடிவாதமாகவே கற்றுக்கொண்டேன். கிராமங்களில் 20, 30 வருடப் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் வண்டிகள், பழைய மஹிந்திரா, ஃபோர்டு என்று பலவும் உண்டு. இன்ஜின் தேய்ந்தால் புது வண்டி வாங்குவதைவிட இன்னொரு இன்ஜினை மாட்டுவது மலிவு. சிம்சன் போன்ற இன்ஜின்கள் ஜெனரேட்டரிலும் கம்ப்ரசரிலும் ஓடுவதால், அங்கிருந்து கழற்றியவையும் டிராக்டருக்கு வந்து சேர்கின்றன. இன்ஜினைப் பொருத்துவதில் காட்டும் கவனத்தை டேஷ்போர்டில் யாரும் காட்டுவதில்லை. 'வண்டி ஓடுதுல்ல, மீட்டரை அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஒரே ஒரு மீட்டர் தவறா, எல்லாமே தவறா என்று பாருங்கள். டீசல் டேங்குக்கும் இன்ஜினுக்கும் தொடர்பில்லை. ஆகவே இன்ஜின் மாற்றிய பிறகு டீசல் மீட்டரும் சேர்ந்து குழம்பினால், சென்சார்களைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில், அதாவது மின்சாரம் வரும் ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டதும் முட்கள் எல்லாம் ஒன்றாக நகர்ந்தால் எர்த் கோளாறுதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இங்கே டிராக்டருக்கும் ஜீப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டிராக்டரில் இன்ஜினே சட்டத்தின் ஒரு பகுதி. கியர் பாக்ஸோடு இரும்புக்கு இரும்பாக இறுகியிருப்பதால் இன்ஜினுக்கு எர்த் தானாகக் கிடைத்துவிடும். தகராறு டேஷ்போர்டு தகட்டில் வரும். அது ரப்பர் புஷ் மேலோ, புதிதாகப் பெயின்ட் அடித்த தகட்டின் மேலோ உட்கார்ந்திருக்கும். ஜீப்பில் இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் நிற்பதால், இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்தால் இன்ஜினுக்கே எர்த் இல்லாமல் போகும். ஸ்டார்ட் செய்யும்போது அந்த மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிள் சுட்டுப்போவதும் உண்டு. மலைத்தோட்டங்களில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

எர்த்தைச் சோதிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை மீட்டரின் உலோக உடம்பிலும் வைத்து, எல்லா விளக்குகளையும் போடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டேஷ்போர்டிலிருந்து கியர் பாக்ஸ் போல்ட்டுக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்து, இரு முனையிலும் பெயின்டைச் சுரண்டி இறுக்குங்கள். பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும்.

சில பழைய வண்டிகளில் டீசல், வெப்பமானி மீட்டர்களுக்குப் பின்னால் சின்னத் தீப்பெட்டி அளவில் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரி 10 வோல்ட்டாக்கித் தருவது அதன் வேலை. அதற்கு எர்த் விட்டுப்போனால் இரண்டு மீட்டருமே கூடுதலாகக் காட்டும். டேங்க் காலியாகும் நேரத்தில் பாதி இருப்பதாக முள் சொன்னால் அதைச் சந்தேகியுங்கள்.

இனி வெப்பமானி. நான் அதிகம் எழுத விரும்புவது இதைப் பற்றித்தான். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இன்ஜினிலிருந்து மீட்டர் வரை மெல்லிய செம்புக் குழாய் ஓடும் வகை. குழாய் நீளமாக இருக்கிறதென்று யாராவது வெட்டினால் உள்ளிருக்கும் திரவம் போய், மீட்டர் செத்துவிடும். மிச்சக் குழாயை வளையமாகச் சுருட்டிக் கட்டத்தான் வேண்டும்.

மற்றது ஒயர் வகை. இதைச் சோதிப்பது எளிது. சாவியைப் போட்டு, சென்சாரின் ஒயரைக் கழற்றுங்கள். பெரும்பாலான மீட்டர்களில் முள் குளிர்ந்த பக்கம் போகும். அதே ஒயரை இன்ஜின் இரும்பில் தொட்டால் முள் சூடான பக்கம் ஏறும். ஏறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டே நிற்க வேண்டாம். முள் இப்படி ஏறி இறங்கினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன. குற்றவாளி சென்சார் அல்லது அது உட்கார்ந்திருக்கும் இடம்.

சென்சாரில் மூன்று தவறுகள் நடக்கின்றன. இன்ஜினோடு வந்த சென்சாரும் வண்டியோடு இருந்த மீட்டரும் வேறு வேறு ஜோடியாக இருக்கலாம். சூட்டுக்கு ஏற்ப சென்சாரின் மின்தடை குறைவதைத்தான் மீட்டர் வெப்பமாகக் காட்டுகிறது. அளவு பொருந்தாவிட்டால் 100 டிகிரியை 70 என்று காட்டும். இரண்டாவது, கசியக்கூடாதென்று புரியில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுவது. சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்தப் புரி வழியாகத்தான். மூன்றாவது எங்கள் வீட்டில் நடந்தது: முனை தண்ணீரில் நனைய வேண்டும். சிலிண்டர் ஹெட்டில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் உள்ள தண்ணீர்ப் பாதைதான் அதற்குரிய இடம்.

மூன்றையும் ஒரே சோதனையில் பிரித்துவிடலாம். சென்சாரைக் கழற்றி, அதன் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு ஒயர் போட்டு, மீட்டர் ஒயரையும் மாட்டி, கொதிக்கும் தண்ணீரில் முனையை மட்டும் அமிழ்த்துங்கள். முள் எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடியில் ஒரு பெயின்ட் புள்ளி வையுங்கள். அது 100 டிகிரி. முள் அசையவே இல்லையென்றால் சென்சார் போய்விட்டது. சிவப்புக்கு வெகு கீழே நின்றால் ஜோடி பொருந்தவில்லை. இங்கே சரியாகக் காட்டி இன்ஜினில் காட்டாவிட்டால் இடமோ எர்த்தோ தவறு. கடைச் செலவில்லாத சோதனை, அரை மணி நேர வேலை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டால், சரியான சென்சாரும் காற்றில் தொங்கிக் குறைவாகவே காட்டும். உழவின் நடுவே முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாமல் வண்டியை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.

ஆயில் பிரஷரில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. மீட்டர் தவறாக இருக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். விளக்கு எரிந்தாலோ முள் விழுந்தாலோ இன்ஜினை அணைத்து, சென்சார் இருக்கும் துளையில் குழாய் வைத்த நேரடி பிரஷர் கேஜை மாட்டிப் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகு வேலை வேகத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அந்த இன்ஜினின் கையேட்டில் இருக்கும். வண்டியின் கையேடு இதற்கு உதவாது, வந்த இன்ஜினுக்கு உரியதைப் பாருங்கள். கேஜில் பிரஷர் நன்றாக இருந்தால் மட்டும் மின் பக்கம் திரும்புங்கள். விளக்குக்கான சுவிட்சை முள் மீட்டரில் இணைப்பது வழக்கமாக நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் முள் இந்தக் கோடி அல்லது அந்தக் கோடி என்றுதான் நிற்கும், நடுவில் நிற்காது. இன்னொன்று, அங்குலத்துக்கு 28 புரி உள்ள துளையில் 27 புரி உள்ள சென்சாரும் இரண்டு மூன்று சுற்று நுழையும். பிறகு இறுகும். ஸ்பேனரால் பலம் கொடுத்தால் கசியும் அல்லது முறியும்.

டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்நேட்டர் வந்திருந்தால் ஆம்பியர் மீட்டரையும் பாருங்கள். பழைய மீட்டர் பெரும்பாலும் 30 ஆம்பியர் வரைதான். அதைவிட அதிகம் தரும் ஆல்டர்நேட்டரின் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகப் போனால் சூடாகும். அதைக் கழற்றிவிட்டு வோல்ட் மீட்டர் வைப்பது நல்லது. ஓடும் இன்ஜினில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருந்தால் சார்ஜ் ஆகிறது. சார்ஜ் ஆகும்போது முள் எதிர்ப்பக்கம் போனால், மீட்டரின் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகும். சார்ஜ் விளக்கின் பல்பு ஃபியூஸ் போனால் சில ஆல்டர்நேட்டர்கள் சார்ஜே செய்யாது, ஏனென்றால் தொடக்க மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது.

கடைசியாக ஆர்.பி.எம். மீட்டரும் மணி மீட்டரும். மெக்கானிக்குகளுக்கு இது அற்பம், எனக்கு அப்படியில்லை. கேபிளில் சுழலும் பழைய மீட்டர் குறிப்பிட்ட ஒரு விகிதத்துக்குச் செய்யப்பட்டது. வந்த இன்ஜினில் கேபிள் சுழலும் வேகம் வேறாக இருந்தால் ஆர்.பி.எம்., மணி இரண்டுமே தவறும். ஆல்டர்நேட்டரிலிருந்து கணக்கெடுக்கும் மின்னணு மீட்டரில் புல்லியின் அளவு மாறினாலும் இதே கதைதான். மீட்டர் 1500 காட்டும்போது உண்மையில் 1350 ஓடுகிறது என்று வையுங்கள். வண்டி 10 சதவீதம் மெதுவாகப் போகும். ஸ்பிரேயரின் பிரஷர் மாறாவிட்டால் ஒரு ஏக்கரில் விழும் களைக்கொல்லி சுமார் 11 சதவீதம் கூடிவிடும். மருந்து கலந்த கணக்கு சரியாக இருந்தும் பயிர் கருகியது ஏன் என்று தேடும்போது யாரும் டேஷ்போர்டைப் பார்ப்பதில்லை.

இதைச் சரிபார்க்க, தொடாமல் அளக்கும் கையடக்க டேக்கோமீட்டர் கிடைக்கிறது. கிராங்க் புல்லியில் பளபளக்கும் ஒட்டுத்தாள் துண்டை ஒட்டி அளந்து, மீட்டரின் மூன்று நான்கு வேகங்களை ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பி.டி.ஓ. தண்டில் அளந்து 540 வரும்போது முள் எங்கே நிற்கிறதோ அங்கே புதுக் கோடு போடுங்கள். தளர்ந்த வேட்டி, துண்டோடு அதன் அருகில் போகாதீர்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த இன்ஜின் என்றால், ஆக்சிலரேட்டரை முழுதும் தள்ளினாலும் 1500-ஐ ஒட்டியே நிற்கலாம். அங்கே மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக கவர்னரை அந்த வேகத்தில் கட்டியிருப்பார்கள். டீசல் பம்ப் கடையில் கொடுத்து டிராக்டருக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

மணி மீட்டர் சரியாகும்வரை ஆயில் மாற்றும் கணக்கை ஒரு நோட்டில் எழுதி டூல் பாக்ஸில் வையுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் எண்ணையும் இப்போதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கேட்கும் நாளில் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.