கலங்கல் நீரும் கரையாத நஞ்சும்

தென்மேற்குப் பருவமழை வலுக்குங் காலத்தில், திம்புள்ளச் சரிவுகளின் மண்ணைச் சுமந்து கொத்மலை ஓயா செந்நிறமாகப் பாய்வதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். அம்மண்ணோடு வேறொரு பொருளும் செல்லக்கூடும்.

தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிக்கும் பொருட்டு, ஏறத்தாழ அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் இலங்கைத் தோட்டங்களில் டீல்ட்ரின் என்னும் மருந்து தெளிக்கப்பட்டது. அதன் பின்னர் இலைசுருட்டிப் புழு பெருகிற்று. அப்புழுவை அடக்குவதற்கென 1930களில் ஜாவாவிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட குளவியினத்தை அம்மருந்து கொன்றமையே காரணம். பயிருக்கு நேர்ந்த இத்தீங்கு விரைவிற் புலப்பட்டது. மண்ணுக்கு நேர்ந்தது அவ்வாறு புலப்படவில்லை. டீல்ட்ரின், டீ.டீ.ரீ. போன்றவை ஆண்டுக்கணக்காக அழியாதிருப்பன. 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை இவற்றைக் கட்டுப்படுத்தியது. இலங்கை அதனை 2005இல் ஏற்றது. மரக்கறிக்குத் தெளிக்கப்பட்டு வந்த எண்டோசல்பான் இங்கு 1998இலேயே தடைசெய்யப்பட்டது.

இந்நஞ்சுகள் உப்பைப்போல் நீரிற் கரைவனவல்ல. ஓர் இலீற்றர் நீரில் ஒரு மில்லிகிராம்தானும் டீல்ட்ரின் கரையாது. ஆனால் மக்கிலும் நுண்ணிய களியிலும் இறுகப் பற்றிக்கொள்ளும். பருமணலிற் குறைவாகவே ஒட்டும். ஆகவே நுண்மண் மிதந்து செல்லுமிடமெல்லாம் நஞ்சும் செல்லும். வாய்க்காற் கடைசி, வயல், நீர்த்தேக்கம் என நீர் ஓட்டந் தணியும் இடங்களில் அது படியும். தெளிந்த நீரை மட்டும் சோதித்தால் நஞ்சின் பெரும்பங்கு கணக்கில் வாராது. சேற்றிலுள்ள சிற்றுயிர்களை உண்ணும் மீனின் கொழுப்பிலும், மண் படிந்த புல்லை மேயும் பசுவின் பாற்கொழுப்பிலும் இது சேரும். கொதிக்க வைத்தாலும் நீங்காது.

வண்டல் நல்ல எரு என்பது உண்மையே. அதனை அடியோடு வெறுக்க வேண்டியதில்லை. எனினும் பழைய மருந்துக் களஞ்சியங்களுக்குக் கீழேயுள்ள கான்களில் வாரிய சேற்றை மரக்கறிப் பாத்திக்கு இடலாகாது. பூசணியும் வெள்ளரியும் டீல்ட்ரினை வேரால் உறிஞ்சிக் காய்க்குக் கொண்டுசெல்லும் இயல்புடையன. கரட்டின் தோலிலும் இத்தகைய நஞ்சு தங்கும். மாட்டுப்புல்லுக்கும் அச்சேறு ஆகாது.

சரிவில் மரக்கறி செய்வோர் சமவுயரக் கான்களில் இடையிடையே மண்பிடி குழிகள் வெட்டுக. கான் ஓரத்தில் வெட்டிவேர் நடுக. குழியிற் சேரும் மண் தம் நிலத்து மண்ணேயாயின் அதே நிலத்தின் மேற்பகுதியிற் பரப்பலாம். கீழே நெல் செய்வோர், பெருமழையின் முதற் கலங்கல் நீரை வயலுக்குள் விடாது கழியவிட்டு, நீர் தெளிந்த பின்னரே மடையைத் திறப்பாராக.