சுவரில் கண்ட சித்திரம்

சில வருஷங்களுக்கு முன் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பழைய வீட்டுச் சுவரை நாம் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். அவ்வழியே சென்ற பெரியவர் ஒருவர் நின்று, "கோபுரம் அந்தப் பக்கம் இருக்கிறது, ஸார்!" என்று இரக்கத்துடன் வழிகாட்டினார்.

அவர் மீது குற்றமில்லை. காரை பெயர்ந்த சுவரில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் காலை வெயில் சாய்வாக விழும் சமயத்தில், ஒரு சாண் தூரத்தில் காமிராவை வைத்துப் பாருங்கள். நீலப் பூச்சின் கீழ் மஞ்சள், அதன் கீழ் வெள்ளை, நடுவே செங்கல். தீவுகளும் நதிகளும் நிறைந்த தேசப் படமாகிவிடும் அந்தச் சுவர்! அமெரிக்காவில் ஆரன் சிஸ்கின்ட் என்பவர் 1940-களில் உரிந்த வர்ணங்களையும் சிதைந்த சுவர்களையும் இவ்விதம் படம் பிடித்தே புகழ் பெற்றார்.

அதே ஆசையுடன் அடையாற்றைத் தாண்டி எலியட்ஸ் கடற்கரைக்குச் சென்றோம். அங்குள்ள ஷ்மிட் நினைவு மண்டபத்தில் உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. சுவருக்குள் புகுந்த உப்பு உலர்ந்து, கட்டியாகிப் பருத்து, காரையை வெளியே தள்ளி உதிர்க்கிறது. அந்த வடுக்களும், வந்தவர் போனவர் கீறி வைத்த பெயர்களும் நம் படத்தில் அற்புதமாய் விழுந்தன.

வீட்டில் பார்த்தபோதுதான் மனம் உறுத்திற்று. பிறர் உயிரைக் காக்கப் போய், 1930 டிசம்பர் 30-ஆம் தேதி அக்கடலில் மூழ்கி இறந்தவர் ஷ்மிட். யார் யார் பெயரோ விழுந்த படத்தில் அவர் பெயர் மட்டும் இல்லை!

அருகே நெருங்கினால் அழகு தெரிகிறது. அது யாருக்காக எழுப்பிய சுவர் என்பது மறைந்துவிடுகிறது. பிற்பாடு அம்மண்டபத்தைச் செப்பனிட்டார்கள். நாம் கண்ட சித்திரம் அழிந்தது. அதில் நமக்கு வருத்தமில்லை. வடுவின் அழகைப் படம் காப்பாற்றும். பெயரைச் சுவர்தானே காப்பாற்ற வேண்டும்?