கண்ணின் பின்சுவர் – 7: ஓரத்தில் இருப்பது

45 டிகிரி ஃபண்டஸ் கேமரா எதைக் காட்டும் என்று போன வாரம் பார்த்தோம். விழித்திரையின் நடுப்பகுதியை மட்டும் படமெடுக்கும் கேமரா அது. இந்த வாரம் ஓசிடி என்ற ஸ்கேன் பற்றி என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன், அந்தக் கேமரா எதைக் காட்டாது என்பதைப் பேசியாக வேண்டும்.

விழித்திரை பெரும்பாலும் ஓரத்தில்தான் கிழியத் தொடங்கும்; கிழிந்தது பிறகு விலகிவிடலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டக்ளஸ் ஆண்டர்சனின் மகனுக்கு ஐந்து வயதில் விழித்திரை விலகியது. அவனை வழக்கமாகக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரு கண்ணில் பார்வை போயிற்று. ஓரம் வரை பார்க்கும் பரிசோதனையைச் சின்னப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். ஒரே நொடியில், நோகாமல், முழு விழித்திரையையும் படமெடுக்க வேண்டும் என்று அந்தத் தகப்பன் தீர்மானித்தார். 1992இல் டன்ஃபெர்ம்லைன் ஊரில் ஆப்டோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்த நிறுவனம் உருவாக்கிய கருவி செய்யும் வேலையைத்தான் இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் உண்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நீள்வட்ட வடிவில் ஒரு கேரம் பலகை இருந்தால், ஒரு குவியத்தில் வைத்த காயை எந்தப் பக்கம் அடித்தாலும் அது விளிம்பில் பட்டு மற்ற குவியத்துக்கே போகும். ஆப்டோஸ் கருவிக்குள் இருப்பது அப்படியொரு கண்ணாடி. ஒரு குவியத்தில் லேசர் கதிர் சுழல்கிறது. மற்றது நோயாளியின் கண்பாப்பாவை ஒட்டி, கண்ணுக்குள்ளேயே விழும்படி அமைத்திருக்கிறார்கள். கதிர் அங்கே நின்று சுழல்வதைப் போலவே விழித்திரையைத் துழாவுகிறது. அதனால் 2 மி.மீ. பாப்பாவே போதும், அதை விரிக்கும் சொட்டு மருந்துகூட வேண்டாம். பள்ளிக் கணக்கு ஒன்று குழந்தையின் கண்ணுக்குள் இப்படிப் போய் நிற்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

விளம்பரத்தில் அது காட்டும் பரப்பை 200 டிகிரி என்பார்கள். பழைய கேமராவின் 45ஐ இதோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. 45 என்பது கண்ணுக்கு வெளியே அளந்த கோணம். 200 என்பது கண்கோளத்தின் மையத்திலிருந்து அளந்தது. அந்த 45ஐயும் மையத்திலிருந்து அளந்தால் அறுபதைத் தாண்டும். கருவி வாங்கப் போகும் மருத்துவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பழைய மாடல்களில் சிவப்பு, பச்சை லேசர்கள் மட்டுமே என்பதால் நிறம் அசலாக இராது. ஓரங்கள் இழுபட்டுத் தெரியும். மேலும் கீழும் இமைமயிர் மறைக்கும். கண்ணில் மின்னல் வெட்டுகிறது, கருப்புப் புள்ளிகள் திடீரென மிதக்கின்றன என்று, கிழிசலின் அறிகுறிகளோடு வருபவருக்கு 45 டிகிரிப் படம் சுத்தமாக இருப்பதில் எந்த ஆறுதலும் இல்லை. 200 டிகிரிப் படம்கூட, மருத்துவர் பாப்பாவை விரித்து ஓரம்வரை பார்ப்பதற்கு ஈடாகாது.

சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுத்திருக்கிறதா என்று முகாமில் நோயாளிகளை வரிசையாகப் பார்ப்பது வேறு வேலை. சென்னையில் கைபேசிக் கேமராவையும் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. பார்வையைப் பறிக்கும் கட்டத்தில் இருந்தவர்களில் 99 சதவீதம் பேர் அதில் பிடிபட்டார்கள். அந்தக் கட்டத்தில் இல்லாதவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரை அது சந்தேகப்பட்டது. முகாமுக்கு அந்தப் பேரம் சரிதான் என்பேன்.

சர்க்கரை நோய்க்கு ஓரத்தைப் பார்ப்பது அவசியமா என்பதில் இன்னும் வாதம் இருக்கிறது. ஓரத்தில் புண்கள் அதிகமுள்ள கண்களில் நோய் வேகமாக முற்றுகிறது என்று பாஸ்டனின் ஜாஸ்லின் மையத்தார் 2015இல் எழுதினார்கள். 2022இல் வந்த பெரிய ஆய்வில், வண்ணப் படத்தில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஃப்ளோரசீன் சாயம் ஏற்றி எடுத்த படத்தில் தெரிந்தது. அந்தச் சாயப் படமுறையை உலகுக்குத் தந்தவர்கள் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள். கண் மருத்துவ இதழ் அவர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1961இல் அதை வெளியிட்டது ‘சர்குலேஷன்’ என்ற இதய மருத்துவ இதழ். அவர்களுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.

சாயமே ஏற்றாமல், விழித்திரையை அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும் ஓசிடி அடுத்த வாரம்.