முதுகிலே பெயர்

1998-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்காட்டிஷ் பிரீமியர் லீக் கால்பந்துப் பந்தயங்களில், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பருவம் முழுதும் மாறாத இலக்கமும், சட்டையின் முதுகிலே பெயரும் ஏற்பட்டன. கீழ்ப்பிரிவுக் கோஷ்டிகள் பலவோ, 1 முதல் 11 வரையென்னும் பழைய முறையையே நெடுங்காலம் அனுசரித்து வந்தன. காரணம் வெளிப்படை. இலக்கம் மாத்திரமுள்ள சட்டையை எவரும் அணியலாம். பெயர் பொறித்த சட்டையோ, அவர் கோஷ்டி மாறியதும் பயனற்றுப்போகும்.

சிக்கனம் நியாயமே. ஆயினும் ஒன்று கேட்கிறோம். பிரபல ஆட்டக்காரரை முகங்கண்டே ஜனங்கள் அறிவர். வாரமெல்லாம் வேறு தொழில் செய்து, சனிக்கிழமையன்று சில நூறு பேர் முன்னிலையில் ஆடுகிறவரை இன்னாரென்று எது அறிவிக்கும்? பெயர் யாருக்கு அதிகம் வேண்டுமோ, அவருக்கே அது மறுக்கப்படுதல் முறையன்று. ஏழைக் கோஷ்டிகளுக்கு இச்செலவை லீக் நிர்வாகமே ஏற்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.